கடற்கரை, முகத்துவாரத் துப்புரவுப் பணி: குப்பை வண்டியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கடற்கரைத் துப்புரவுப் பணியைப் புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆள் சேர்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். வாட்ஸ்அப் அறிவிப்பு, தேதி, பனியன் அச்சடிப்பு, கையுறை வாங்குதல் என்று வேலை நகர்கிறது. நிரம்பிய மூட்டைகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் அவற்றை யார் எடுத்துச் செல்வார்கள் என்ற கேள்வி எழுகிறது. நான் பங்கேற்ற முதல் பணியும் அப்படித்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கட்டி அடுக்கிய மூட்டைகளுக்கு வண்டி வரவில்லை. திங்கட்கிழமை சென்று பார்த்தபோது நாய்கள் பாதியைக் கிழித்திருந்தன. இரவில் ஏறிய கடல் கீழ்வரிசை மூட்டைகளை இழுத்துச் சென்றிருந்தது.

அதன்பின் தென்சென்னைக் கரையிலும் அடையாற்று முகத்துவாரத்திலும் செய்த பணிகளில் கற்றுக்கொண்ட வரிசையையே இங்கே எழுதுகிறேன். இது முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரும் வரிசை. முந்தைய படி உறுதியாகும் வரை அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

1. குப்பை போய்ச் சேரும் இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள்

சென்னையில் கடற்கரைக் குப்பையை அகற்றும் பொறுப்பு மாநகராட்சியுடையது. நீங்கள் தேர்ந்தெடுக்க நினைக்கும் பகுதி எந்த மண்டலத்தில், எந்த வார்டில் வருகிறது என்று அறிந்து, மண்டல அலுவலகத்தில் எழுத்து வடிவில் கடிதம் கொடுங்கள். நாள், நேரம், தொடங்கும் இடம், முடியும் இடம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, மூட்டைகள் அடுக்கப்படும் இடம், வண்டி வரவேண்டிய நேரம் ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வையுங்கள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. நான் முப்பது பேருக்கும் இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவேன்.

கடிதத்தோடு வேலை முடிவதில்லை. அந்த வார்டின் துப்புரவு ஆய்வாளரை நேரில் பாருங்கள், ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை எந்த வண்டி எந்தத் தெருவில் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். முந்தைய நாள் மாலை அவரை ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் இப்போதே ஒரு விடை வேண்டும்: அருகில் உள்ள ஒரு சிறிய சரக்கு வண்டி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி, மாநகராட்சி குறித்துத்தரும் சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களுக்கு வேறு வழி. அருகில் உள்ள காயலான் கடைக்காரரிடம் கடற்கரைப் போத்தலை எடுப்பாரா என்று கேளுங்கள். மணலும் உப்புநீரும் உள்ளே இருந்தால் பலர் எடுக்கமாட்டார்கள். காலியாக்கி, மூடியைக் கழற்றி, நசுக்கிக் கொடுத்தால் எடுப்பார்கள். இந்த ஒரு விடை, அன்று காலை நீங்கள் குப்பையை எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும் என்பதையே முடிவு செய்கிறது.

2. இடத்தை இரண்டு முறை நடந்து பாருங்கள்

ஒருமுறை ஞாயிறு காலையிலும், ஒருமுறை வார நாளிலும் நடங்கள். ஞாயிறு காலையில் தெரிவது முந்தைய நாள் மாலைக் கூட்டம் விட்டுச்சென்ற தேநீர்க் குவளைகள், சுண்டல் பொட்டலங்கள், தட்டுகள். வார நாளில் தெரிவது கடல் கொண்டுவந்து ஒதுக்கியது. இரண்டும் வேறு இடங்களிலிருந்து வருகின்றன, வேறு உயரங்களில் கிடக்கின்றன, வேறு விதமாகப் பொறுக்கப்பட வேண்டியவை.

கடல் ஒதுக்கும் குப்பையைப் புரிந்துகொள்ள நீரோட்டத்தின் திசை தெரிந்திருக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் கரையோர ஓட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவ மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகவும் இருக்கும். அடையாறு ஊரூர்க் குப்பத்துக்கு வடக்கே கடலில் கலக்கிறது. ஆகவே நவம்பர், டிசம்பர் மழையில் ஆறு அடித்துவரும் குப்பையில் பெரும்பகுதி ஊரூர்க் குப்பம், எலியட்ஸ் கடற்கரைப் பக்கமே வந்து ஒதுங்க வாய்ப்பு அதிகம். கரையில் இன்று கிடக்கும் பால் பாக்கெட் கரைக்கு வந்தவர் போட்டதாக இருக்க வேண்டியதில்லை. பல கிலோமீட்டர் உள்ளே, ஏதோ ஒரு மழைநீர் வடிகாலில் விழுந்ததாகவும் இருக்கலாம்.

நடந்து பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: வண்டி எதுவரை வர முடியும், மூட்டையை அதிகத் தொலைவு எந்தப் பகுதியிலிருந்து தூக்க நேரும், நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, உடைந்த கண்ணாடி எந்தப் பகுதியில் அதிகம், மலம் கிடக்கும் பகுதி எது. முதன்முறை ஏற்பாடு செய்கிறவர்கள் இரண்டு கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொண்டு கால்வாசிகூட முடிக்காமல் திரும்புவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். முப்பது பேருக்கு இருநூறு முதல் முந்நூறு மீட்டர் போதும். அந்தத் தூரத்தை முழுமையாகச் செய்தால்தான் அடுத்த மாதம் வந்து என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட முடியும்.

3. குப்பத்தாரிடம் பேசுங்கள்

சென்னைக் கரையின் பெரும்பகுதி யாரோ ஒருவரின் வேலைத்தளம். படகு ஏற்றுவது, வலை உலர்த்துவது, மீன் விற்பது எல்லாம் அதே மணலில்தான் நடக்கின்றன. மீனவக் குப்பத்தை ஒட்டிய பகுதி என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, என்ன செய்யப்போகிறோம், எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று சொல்லி, அந்த நாள் அவர்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். கோவில் திருவிழாவோ துக்கமோ இருக்கும் நாளில் போய் நிற்பது முறையல்ல.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே மிகப் பெரியது, மணலில் கிடக்கும் வலையைக் குப்பை என்று நினைத்து வெட்டுவது. உலரப் போட்ட வலை, பழுது பார்க்க விரித்த வலை, மறுமுறை பயன்படுத்த எடுத்துவைத்த தெர்மாகோல் மிதவை, கயிற்றுச் சுருள், ஈயக் குண்டு எல்லாம் வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். ஒரு வலையின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. ஊரைச் சேர்ந்த ஒருவர் உடன் நடந்து, எது கழித்த வலை, எது வேலைசெய்யும் வலை என்று காட்டினால் ஒழிய எந்த வலையிலும் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி.

"நாங்கள் வந்து உங்கள் ஊரைச் சுத்தம் செய்கிறோம்" என்ற தொனி பேச்சில் வரவே கூடாது. அந்தக் கரையில் ஒதுங்கும் குப்பையில் மிகுதி நகரத்தின் உள்ளேயிருந்து ஆறு கொண்டுவந்தது. அதோடு வாழ வேண்டியிருப்பவர்கள் அவர்கள்.

4. கடலையும் பருவத்தையும் பார்த்து நாள் குறியுங்கள்

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். அடுத்தடுத்த இரண்டு ஏற்றங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும்; ஆனாலும் சரிவு குறைந்த கரையில் அந்த ஒரு மீட்டர் பல அடி அகல மணலை மூடித் திறக்கும். கடல் ஏறி முடிந்து இறங்கத் தொடங்கும் நேரம் காலை ஆறு மணியை ஒட்டி வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அலை அப்போதுதான் ஒதுக்கிய குப்பை ஒரே கோடாகக் கிடக்கும். நேரம் ஆக ஆக வேலை செய்யும் இடமும் அகலும்.

காலை ஆறிலிருந்து எட்டரை வரை போதும். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; முற்பகலில் கடற்காற்று தொடங்கும். வெயில் ஒரு காரணம் என்றால், காற்று மாறுவது இன்னொரு காரணம்: கட்டாத மூட்டையும் கவிழ்ந்த பக்கெட்டும் கடற்காற்றில் மறுபடி கரையெங்கும் பரவும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. ஒரு கூட்டில் நூறுக்கும் மேல் முட்டைகள் இருக்கும். பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். வனத்துறையும், 1988 முதல் இரவு நடை நடந்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவும் கூடுகளைக் கண்டுபிடித்துப் பொரிப்பகத்துக்கு மாற்றுகின்றன என்றாலும், கண்ணில் படாத கூடுகளும் இருக்கும். அந்த மாதங்களில் மணலைத் தோண்டாதீர்கள், கொடிக்கம்பம் நடாதீர்கள், வண்டியைக் கரையில் ஏற்றாதீர்கள், இரவில் விளக்கோடு பணி வைக்காதீர்கள். பொறுக்குவதில் தடையில்லை, ஆமை ஏறிவரும் வழியில் கிடக்கும் வலைத்துண்டை அகற்றுவது அந்த மாதங்களில் இன்னும் அவசியம்.

பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு நாள் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. அன்று பெரிய கடற்கரைகளில் ஏற்கெனவே பல குழுக்கள் இருக்கும். அதே நாளில் செய்ய விரும்பினால், யாரும் போகாத ஒரு சிறு கரையையோ கால்வாய்க் கரையையோ எடுத்துக்கொள்ளுங்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பின் சிலைகளைக் கரைக்கும் பட்டினப்பாக்கம், நீலாங்கரை போன்ற இடங்களில் உடனே இறங்க வேண்டாம். இரும்புச் சட்டமும் ஆணி பதித்த கட்டையும் நீருக்கடியில் கிடக்கும். அது மாநகராட்சி இயந்திரங்களின் வேலை. அவை முடித்த பிறகு எஞ்சும் துணி, ஜரிகைத் தாள், தெர்மாகோல் ஆகியவற்றுக்கு உங்கள் கைகள் தேவைப்படும்.

5. ஆள்களும் பொறுப்புகளும்

இதற்குப் பிறகுதான் அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிவிப்பில் மூடிய காலணி, தொப்பி, சொந்தத் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம் என்று எழுதுங்கள். செருப்பில் வருகிறவரை அன்று பொறுக்க விடாமல் எடை எழுதும் வேலைக்கு அனுப்புவேன்; காலில் கண்ணாடி குத்துவதைவிட அந்தச் சிறு மனத்தாங்கல் மேல்.

ஏழெட்டுப் பேருக்கு ஒரு குழுத்தலைவர் இருக்கட்டும். குழுத்தலைவர்களைத் தவிர, மொத்தப் பணிக்கும் சேர்த்து நான்கு பேர் குப்பை பொறுக்கவே கூடாது: முதலுதவிக்கு ஒருவர், வருகைப் பதிவுக்கு ஒருவர், பிரிக்கும் இடத்துக்கு ஒருவர், வண்டியோடு தொடர்பில் ஒருவர். எல்லோரும் ஆர்வத்தோடு மணலில் இறங்கிவிட்டால், காயம் பட்டவர் யாரைத் தேடுவது என்று தெரியாமல் நிற்பார். குழந்தைகள் பெற்றோரோடு வரலாம்; அவர்களுக்கு உலர்ந்த மேல்மணலில் மட்டும் இடம் கொடுங்கள். அலையில் ஒருவரும் இறங்கக் கூடாது. சென்னைக் கரையில் நீர் இழுக்கும் இடங்கள் மேலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும்.

6. கருவிகள்

மெல்லிய மருத்துவக் கையுறை பத்து நிமிடத்தில் கிழிந்து, தானே குப்பையாகிவிடும். கட்டுமானத் தொழிலாளர்கள் அணியும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறையை வாங்குங்கள். துவைத்துப் பல முறை பயன்படுத்தலாம்.

கறுப்புக் குப்பைப் பைகளும் அப்படித்தான். ஈர மணல் ஒட்டிய வலையையும் கண்ணாடியையும் அவை தாங்குவதில்லை. அரிசிக் கடையிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ பழைய சாக்குகள் கிடைக்கும். ஆனால் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது சிரமம்: காற்றில் வாய் மூடிக்கொள்ளும், ஒருவர் பிடிக்க இன்னொருவர் போட வேண்டும். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய பக்கெட், குழுவுக்கு ஒரு சாக்கு என்று வையுங்கள். பக்கெட் நிரம்பியதும் சாக்கில் கொட்டலாம்.

ஊசி, சிரிஞ்சு, பிளேடு போடுவதற்கு இறுக்கமான மூடியுள்ள தடித்த பெயிண்ட் டப்பா ஒன்று குழுத்தலைவரிடம் இருக்க வேண்டும். அவற்றை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். இவை தவிர வலை வெட்டக் கத்தரிக்கோல், ஐம்பது கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, இரண்டு தார்ப்பாய், இரண்டு சல்லடை, பென்சில் (ஈரக் கையில் பேனா எழுதாது), அட்டை. குடிக்க இருபது லிட்டர் கேன்களும் எவர்சில்வர் டம்ளர்களும் போதும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் குவளைகளைத் துப்புரவுப் பணிக்கே கொண்டுவந்து பரிமாறியதை நான் பார்த்திருக்கிறேன். காலைச் சிற்றுண்டி கொடுப்பதானால் அதற்கான தட்டையும் முன்பே யோசியுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் சுத்தமான நீர், சோப்பு, கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருக்கட்டும். துருப்பிடித்த பொருள் குத்தினால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்க அன்றே அனுப்புங்கள். சிரிஞ்சு ஊசி குத்தினால் அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்; சில மணி நேரத் தாமதமும் கூடாது. ஜெல்லிமீன் பட்டால் கடல்நீரால் கழுவி, கையுறையோடு இழைகளை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தேய்க்கக் கூடாது. மூச்சுத்திணறல் தெரிந்தால் 108ஐ அழையுங்கள்.

7. தொடக்க விளக்கம்: எவற்றை எடுக்கக் கூடாது

பத்து நிமிடம் போதும், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது. எதைப் பொறுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதை விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காதீர்கள். மணலைக் கட்டிப்பிடித்து மேடாக்கி வைத்திருப்பவை இவை. கொடிக்குள் சிக்கிய பையைக் கையால் விலக்கி எடுக்க வேண்டும். கொடியோடு சேர்த்து இழுத்தால் நீங்கள் எடுத்த ஒரு பைக்கு ஈடாக மணல் மேட்டின் ஒரு பிடி போய்விடும். கடற்பாசி, சிப்பி, மரத்துண்டு, நண்டு வளை எல்லாம் கரையைச் சேர்ந்தவை. கரை முழுவதையும் பெருக்கி வைத்தது போல் ஆக்குவது நம் நோக்கமல்ல.

இறந்த ஆமையையோ கடற்பாம்பையோ தொடாதீர்கள். ஆமை என்றால் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். புயலுக்குப் பின் நீல நிறத்தில் அழகாக ஏதாவது ஒதுங்கியிருந்தால் கையில் எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் எனப்படும் கொட்டும் கடல் நத்தைகள் ஒதுங்கின.

சடங்குப் பொருள்களைப் பற்றியும் பேசிவிடுங்கள். ஆடி, தை அமாவாசைகளுக்குப் பிறகு துணி, மாலை, கலயம் ஆகியவை கரையில் நிறையக் கிடக்கும். அவற்றை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் முகம் சுளிக்காமல், தனிச் சாக்கில். சற்றுத் தள்ளி அதே காலையில் யாரோ ஒருவர் தம் தந்தைக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

8. பொறுக்கும் முறை

ஆள்களைக் கரையெங்கும் பரவ விட்டால் எல்லோரும் கண்ணில் படும் போத்தலை நோக்கி ஓடுவார்கள். அரை மணி நேரத்தில் பெரிய பொருள்கள் தீர்ந்து வேலை முடிந்தது போலத் தோன்றும். அப்படி விடாமல், இரண்டு கை அகல இடைவெளியில் கடலுக்குச் செங்குத்தாக ஒரு வரிசையாக நிறுத்தி, எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கச் செய்யுங்கள். அவரவர் பட்டை அவரவர் பொறுப்பு.

முதல் நடையில் காற்றில் பறக்கக்கூடிய பைகள், குவளைகள், தெர்மாகோல் ஆகியவற்றை எடுங்கள், ஏனெனில் நிலக்காற்று அவற்றைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் நடையில் குனிந்து, மெதுவாக, சிறியவற்றை எடுக்க வேண்டும்: போத்தல் மூடி, உறிஞ்சுகுழல், காதுக்குடையும் குச்சி, சிகரெட் பஞ்சு, ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை. இரண்டாம் நடைதான் உண்மையான வேலை. பெரிய போத்தலை நாளை வேறொருவரும் எடுப்பார். சிறு துண்டு மணலுக்குள் போய்விட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது, பறவையும் மீனும் விழுங்குவதும் அதைத்தான்.

போத்தலில் உள்ள நீரையும் மணலையும் அங்கேயே கொட்டுங்கள். ஈரத்துணியை உதறுங்கள். எடைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: குப்பையோடு மணலை அள்ளிச் செல்வது கரையையே அள்ளிச் செல்வதாகும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பத்துக் கிலோவுக்கு மேல் போனால் மணலில் இழுக்க நேரும், அடி கிழியும்.

புதைந்த வலையை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, தவறான வழியும் அதுவே. மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலையை இழுத்தால் இழைகள் அறுந்து நூறு துண்டாக மணலில் தங்கும், இழுப்பவரின் விரலையும் அறுக்கும். இரு பக்கமும் கையால் மணலை விலக்கி, வலை போகும் திசையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முழுவதும் வராது என்று தெரிந்தால், வெளியே தெரியாத ஆழத்தில் வெட்டி எடுத்து, மீதியைக் குழி மூடி விடுங்கள். வெட்டுமுன் உயிரோடு நண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கிய கரை என்றால் முறையே வேறு. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலும், 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பலும் மூழ்கியபோது, பருப்பு அளவிலான இந்த வெண்ணிறக் குருணைகள் ஏராளமாகக் கரை ஒதுங்கின. இரண்டாவது விபத்தின் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்தன. இவற்றைக் கையால் பொறுக்கி முடியாது. அலைக்கோட்டின் மேல்பகுதி மணலை மட்டும் மெல்ல வழித்து, பக்கெட்டில் கடல்நீர் ஊற்றிக் கலக்குங்கள். மணல் அடியில் படியும், குருணை மிதக்கும். சல்லடையால் அரித்து எடுத்துவிட்டு மணலைத் திரும்ப அதே இடத்தில் கொட்டுங்கள்.

எண்ணெய் ஒதுங்கிய கரையில் தன்னார்வலர்கள் இறங்கவே கூடாது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் குவளையாலும் பக்கெட்டாலும் அதை அள்ளும் நிலை வந்தது. போதிய கவசமில்லாமல் யாரையும் அந்த வேலைக்கு அனுப்புவது சரியல்ல. எண்ணெய்ப் படலத்தைக் கண்டால் 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தெரிவியுங்கள்.

9. ஆற்றங்கரையும் முகத்துவாரமும்

கடற்கரையில் இரண்டு முறையாவது செய்து பழகிய குழு மட்டுமே இங்கே வர வேண்டும். அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் எதிலும் நீரில் கால் வைக்காதீர்கள். கழிவுநீர் கலந்த நீர் அது. காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வர வழியுண்டு. முழங்கால் வரை ரப்பர் காலணி, காயம் இருப்பவருக்கு அன்று ஓய்வு.

சேறு கடலோர மணலைப் போலத் தாங்காது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு கீழே இளகியிருக்கும். நீண்ட மூங்கில் கழியால் குத்திப் பார்த்து, உறுதியான கரையில் நின்றபடி கொக்கியால் இழுத்து எடுங்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் காலணியையும் துளைக்கும். குப்பைக் குவியலைக் கையால் புரட்டாமல் கழியால் புரட்டுங்கள், அடியில் பாம்பு இருக்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை முகத்துவாரத்தில் வலசைப் பறவைகள் மேயும் சேற்றுத் திட்டுகளுக்கு அருகே போக வேண்டாம்.

நீரில் மிதக்கும் குப்பைக்கு நம் கைகள் ஈடாகாது. ஆற்றின் குறுக்கே மாநகராட்சி போட்டிருக்கும் மிதவைத் தடுப்பு நிரம்பி வழிகிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்த்து 1913க்குப் புகார் கொடுப்பது, ஒரு காலை முழுவதும் கரையில் பொறுக்குவதைவிட அதிகக் குப்பையைத் தடுக்கும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, தீரும் வரை விடாதீர்கள்.

10. பிரித்தல், எடை, பதிவு

எட்டு மணிக்குப் பொறுக்குவதை நிறுத்துங்கள். இன்னும் கிடக்கிறதே என்று மனம் கேட்காது. ஆனால் பிரிக்கும் வேலைக்குக் குறைந்தது அரை மணி நேரம் வேண்டும், களைத்த ஆள்கள் அதற்குள் கிளம்பத் தொடங்குவார்கள்.

தார்ப்பாயை விரித்து ஐந்து குவியலாகப் பிரிக்கலாம்: விற்கக்கூடிய போத்தல், உலோகம், அட்டை; கண்ணாடி; வலையும் கயிறும்; பிஸ்கட், சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு பிளாஸ்டிக்; மற்றவை. டயப்பர், நாப்கின் ஆகியவற்றைப் பிரிக்கும் இடத்துக்கே கொண்டுவராமல் பொறுக்கும்போதே தனிச் சாக்கில் கட்டிவிடுங்கள். பல அடுக்கு உறையைக் காயலான் கடை எடுக்காது. மாநகராட்சி வழியாகத்தான் போக வேண்டும். டாஸ்மாக் போத்தலில் திரும்பப் பெறும் ஒட்டுத்தாள் இருந்தால், பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் விரிந்திருப்பதால், கடையிலேயே கொடுக்கலாம்.

ஒவ்வொரு குவியலையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். எடையை மட்டும் நம்பாதீர்கள்: ஈரமான ஒரு மெத்தை, ஆயிரம் உறிஞ்சுகுழல்களைவிடக் கனமானது. ஆகவே ஒரு குழு மட்டும், ஒரு குறிப்பிட்ட நூறு மீட்டரில் எடுத்தவற்றை எண்ணிக்கையாகவும் எழுதட்டும். அதே நூறு மீட்டர், மாதம்தோறும், அதே வகைப்பாடு. ஆறு மாதம் இதைச் செய்தால் தேநீர்க் குவளை எந்தக் கடைவரிசைக்கு எதிரே கூடுகிறது, மழைக்குப் பின் பால் பாக்கெட் எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் உங்கள் கையில் எழுத்தாக இருக்கும். எங்கள் பகுதியில் குப்பைத்தொட்டிகள் நடைபாதை ஓரத்தில் இருந்தன. குப்பையோ மணலில் கடைகளுக்குப் பின்னால் குவிந்தது. அந்த எண்களைக் கொண்டுபோய் வார்டு அலுவலகத்தில் காட்டிய பிறகுதான் இரண்டு தொட்டிகள் இடம் மாறின. அதுவரை வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நடக்கவில்லை.

11. வண்டி ஏறும் வரை

மூட்டைகளின் வாயைக் கயிற்றால் கட்டி, அலைக்கும் நாய்க்கும் எட்டாமல் சாலையோரத்தில் அடுக்குங்கள். கண்ணாடி மூட்டையில் சிவப்புத் துணி கட்டுங்கள், ஏனெனில் அதைத் தூக்கப்போகும் துப்புரவுத் தொழிலாளிக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஊசி டப்பாவைக் குப்பையோடு அனுப்பாமல், முன்பே பேசிவைத்த மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.

வருகைப் பதிவைப் பார்த்து ஆள்களை எண்ணி அனுப்புங்கள். எல்லோரும் சோப்பால் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். கடைசியாக இருவர் மட்டும் இருந்து, மூட்டைகளை எண்ணி வண்டியில் ஏற்றி, எண்ணிக்கையைப் பதிவில் எழுதி, வண்டி கிளம்பிய பிறகே கரையை விட்டுப் போக வேண்டும். அந்த இருவர் யார் என்பதை அறிவிப்பு வெளியிடும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அன்று மாலைக்குள் தராசையும் கத்தரிக்கோலையும் நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். உப்புநீர் பட்ட தராசு ஒரு மாதத்தில் தவறான எடை காட்டத் தொடங்கும். கையுறைகளைத் துவைத்து, சோடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் காயப்போடுங்கள். துப்புரவு ஆய்வாளருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் அன்றைய எடைப் பட்டியலை அனுப்பி, அடுத்த மாதம் எந்த ஞாயிறு அவர்களுக்கு ஒத்துவரும் என்று கேளுங்கள்.